பலகையில் ஒட்டாத பட்டியல்

செங்கோடன் மடத்துக்குள் நுழையும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. அறுபது வயது வெங்காய விவசாயி. குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர் சொல்தான் செங்கோடனுக்கு வேதவாக்கு. வாரத்தில் இரண்டு நாள் மடத்துத் தோட்டத்தில் வந்து மண்வெட்டி பிடிப்பார்.

"சாமி, பக்கத்துக் காட்டுக்காரியே துரோகம் பண்ணுனா என்னங்க பண்றது?"

"யாரு?"

"மாராயிங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கிணறு. நாள் விட்டு நாள் முறைத்தண்ணி. சொட்டுநீர்க் குழாய் போட மானியம் வேணும்னு ரெண்டு பேரும்தான் எழுதிக் குடுத்தோம். எனக்குப் பணம் தீர்ந்து போச்சுன்னுட்டாங்க. அவ காட்டுல மட்டும் புதுக் குழாய் கிடக்குதுங்க."

"அதனால?"

"யாரையோ கையில போட்டுக்கிட்டு என் பங்கையும் வாங்கிட்டா. கிணத்து மோட்டார் ரூமைப் பூட்டிட்டேன். அஞ்சு நாளாச்சு. அவ மிளகாய் வாடுது. நல்லா வாடட்டும்."

"மானியம் வாங்கினவங்க பட்டியலைப் பார்த்தீங்களா?"

"அதை ஒட்டுனா ஊருக்குள்ள சண்டை வருமாம். ஆபீஸ்லயே வச்சுக்கிட்டாங்க."

"ஒட்டாமலே சண்டை வந்துடுச்சே" என்று குரு எழுந்தார். செங்கோடனும் பின்னாலேயே கிளம்பினார்.

வேளாண்மை அலுவலக வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது. ஆணிகளைத் தவிர அதில் ஒன்றுமில்லை. குரு அதன் எதிரே போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார்.

உரம் வாங்க வந்த ஒருவர் நின்றார். "என்னங்க சாமி பார்க்கறீங்க?"

"மானியப் பட்டியல் படிக்கிறேன்."

"அதுல ஒண்ணுமே இல்லீங்களே?"

"அதைத்தான் படிக்கிறேன்."

அவரும் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னொருவர் நின்றார். மதியத்துக்குள் நாற்பது பேர் வெறும் பலகையை முறைத்துக் கொண்டிருந்தார்கள். மாராயியும் வந்து ஓரமாக நின்றாள்.

எழுத்தர் வேர்க்க விறுவிறுக்க வந்து குருவின் காதருகே குனிந்தார். "சாமி, ஒட்டாம இருக்கறது உங்களுக்கும் நல்லதுங்க."

"அப்படின்னா கட்டாயம் ஒட்டுங்க."

ஒட்டினார்கள். குரு செங்கோடனைப் படிக்கச் சொன்னார். செங்கோடன் முதலில் மாராயியின் பெயரைத்தான் தேடினார். மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை. அந்தப் பெயர் இல்லவே இல்லை.

"தோட்டை அடகு வச்சு வாங்குன குழாய்ங்கண்ணா" என்றாள் மாராயி. அவள் காதில் தோட்டுக்குப் பதிலாக வேப்பங்குச்சி இருந்தது.

செங்கோடனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. அடுத்த வரியை விட்டுவிட்டு ஐந்தாவது பெயருக்குத் தாவினார்.

"மூணுக்கு அப்புறம் அஞ்சா?" என்றார் குரு.

"சாமி..."

"நாலையும் படிங்க. சத்தமா."

செங்கோடன் படித்தார். நான்காவதாக இருந்தது மடத்தின் பெயர். மடத்துத் தோட்டம் பன்னிரண்டு ஏக்கருக்கும் சொட்டுநீர் போட்டதாக எழுதியிருந்தது.

நாற்பது ஜோடிக் கண்களும் பலகையை விட்டுக் குருவின் பக்கம் திரும்பின.

"நம்ம தோட்டத்துல சொட்டுக்குழாய் பார்த்திருக்கீங்களா செங்கோடண்ணா?"

"ஒரு முழம்கூட இல்லீங்க."

"அப்ப என்னைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

செங்கோடன் பதறிப்போனார். "ஐயோ, உங்களைப் போய் நினைப்பனா? உங்களுக்குத் தெரியாம எவனோ கையெழுத்துப் போட்டிருப்பான். தீர விசாரிக்கணுங்க. விசாரிக்காம ஒருத்தரை எப்படிங்க குத்தம் சொல்றது?"

குரு கேட்டார்: "மோட்டார் ரூமைப் பூட்டறதுக்கு முந்தி யார்கிட்ட விசாரிச்சீங்க?"