ஒன்பதாம் நாள் கஞ்சி

கடவுள் நேரில் வந்து காட்சி தரும்வரை பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடுவதில்லை என்று உலகநாதன் மடத்தில் உட்கார்ந்து இன்றோடு ஒன்பது நாள். வயது அறுபத்து மூன்று. தாசில்தாராக இருந்தவர், யாரையும் நேரில் வரச்சொல்லியே பழகியவர்.

மடத்தை நடத்தும் அங்கம்மாளுக்கு உலகநாதனைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் அந்த அம்மாள்தான் குரு. தினமும் கஞ்சி வைப்பதும், ஆறிப்போனதை மாட்டுத் தொட்டியில் கொட்டுவதுமாக அங்கம்மாளுக்குச் சலித்துவிட்டது. இன்று காலை உலகநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்ததும் சலிப்போடு பயமும் சேர்ந்துகொண்டது. இந்த மனுஷன் செத்துத் தொலைத்தால் ஊரில் இருக்கும் பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது?

"அம்மா, அவர் ஏன் இன்னும் வரலை?"

"ஒன்பது நாளா இதையேதான் கேக்கறீங்க அண்ணே. எழுந்திரிங்க."

பக்கத்து முருகன் கோயிலில் உச்சிக்கால பூஜை. கைத்தாங்கலாக அழைத்துப் போய்த் திரைக்கு நேர் எதிரே நிறுத்தினார். அரை மணி நேரம் நின்றார்கள். மணி அடித்தது, திரை விலகியது. குருக்கள் தீபத்தைச் சாமி முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அங்கம்மாள் சாமியைப் பார்க்கவில்லை. உலகநாதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"இன்னைக்கு முருகனுக்கு என்ன நிறத்துல பட்டு?"

உலகநாதன் யோசித்தார். "கவனிக்கலையேம்மா."

"நேர் எதிர்லதானே நின்னீங்க?"

"தீபம் காட்டும்போது கண்ணை மூடிக்குவேன். சின்ன வயசுப் பழக்கம். கையைக் கூப்பினா கண்ணு தானா மூடிக்குது."

"அதுவரைக்கும்?"

"திரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"அரை மணி நேரம்."

"ஆமா."

அங்கம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டார். "சரி. இப்ப இந்த வாசல்ல அவரே வந்து நிக்கிறார்னு வச்சுக்குங்க. என்ன செய்வீங்க?"

நினைத்த மாத்திரத்தில் உலகநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. கைகள் தலைக்கு மேலே போய்க் குவிந்தன. மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது.

அங்கம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். கைகள் இறங்குவதாக இல்லை.

"கண்ணைத் திறங்க அண்ணே," என்றார். "கஞ்சி ஆறுது."