நாற்பது வெள்ளைக் கோட்டுகள்

படார்.

கோவில்பட்டி வீட்டின் கொல்லைப்புறத்தில் இருந்த கக்கூஸின் தகரக் கதவுச் சத்தம் அது. செண்பகவல்லி பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் முழுக்க அந்தக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு கணக்கைப் போட்டு முடிப்பாள். படார். ஒரு செய்யுளை மனப்பாடம் செய்து கண்ணை மூடுவாள். படார்.

முப்பது வருடம் ஆகப்போகிறது. அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவள் டாக்டர். இருபது வருடம் கிராமத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலும் பாம்புக்கடியும் பார்த்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் மூளை நரம்பு மருத்துவம் படிக்க வந்திருந்தாள். அவளுக்கு ஆசிரியர் எபனேசர். அவளைவிட ஏழு வயது இளையவர். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள்.

ஒருநாள் காலை அவர் அறைக்குள் போய் நின்றாள். ஒரு கையில் ஸ்கேன் படம், மறு கையில் நோட்டு.

"சார், எனக்கு இதைப் பிரிச்சுச் சொல்லித் தரணும்."

"எதை?"

"மூளையில வெள்ளைப் பகுதி கெட்டுப்போற வியாதிங்க. பரம்பரையா வந்து, பெரிய வயசில தெரியறது. அப்படி ஆறு வியாதி இருக்கு. ஆறுக்கும் படம் வரைஞ்சு பார்த்தேன். ஆறும் ஒண்ணுபோல இருக்கு."

"யாருக்காகக் கேக்கீங்க?"

"ஒன்பதாம் கட்டில்."

ஒன்பதாம் கட்டிலில் இருந்தவன் சங்கரவேல். வயது முப்பத்துநான்கு. கடலை மிட்டாய்க் கடையில் பொட்டலம் கட்டுகிறவன். இரண்டு வருடமாக நடை தள்ளாடியது. பேச்சு குழறியது. போன மாதம் கடைப் படியில் விழுந்தவன் பிறகு தானாக எழுந்து நிற்கவில்லை.

அவன் அவளுடைய ஒரே தம்பி.

வேறொரு ஊரில் பெரிய டாக்டர் ஒருவர் இதே படத்தைப் பார்த்து ஒரு வியாதியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு மருந்து கிடையாது. மூன்று வருடம், மிஞ்சிப்போனால் நாலு என்று வாயால் சொன்னார்.

"அவர்தான் எழுதிட்டாரே அக்கா. அப்புறம் என்ன?"

"ஆறில ஒண்ணுக்கு மருந்து இருக்கு சார்."

"அந்த ஒண்ணு இதுதானா?"

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வாரேன்? அது சின்னப் பிள்ளையிலேயே ஆரம்பிச்சிரும்னு புத்தகத்தில போட்டிருக்கு. இவன் சின்ன வயசில நல்லாத்தான் இருந்தான்."

எபனேசர் நோயாளிக் குறிப்பை வாங்கி வாசித்தார்.

"'சிறுவயதில் ஒரு குறையும் இல்லை.' யார் எழுதினது?"

"நான்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"யாரைக் கேக்கணும்? நான் அவன் அக்கா சார்."

"அதான். குறிப்பு எழுதினது டாக்டர். அக்காவைக் கேக்க மறந்துட்டாங்க."



"உங்க கோட்டு எங்க?"

"சலவைக்குப் போட்டிருக்கேன்."

"வாங்க, போய் எடுத்துட்டு வருவோம்."

"சார், நான் என் தம்பியைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."

"நானும்தான்."

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. கஞ்சி வாடையும் ஆவியுமாக ஒரு நீளமான கொட்டகை. மாடசாமி அண்ணாச்சி அங்கே முப்பது வருடமாகத் துணி மடிக்கிறவர். மேசைமேல் வெள்ளைக் கோட்டுகள் அடுக்கியிருந்தன. நாற்பது இருக்கும். ஒரே துணி, ஒரே தையல், ஒரே வெள்ளை.

"உங்களோடதை எடுங்க."

அவள் மேலே இருந்ததை விரித்துப் பார்த்தாள். அடுத்ததை விரித்தாள். பைகளைத் தடவினாள். முதுகைப் பார்த்தாள். பத்து, பதினைந்து. அடுக்கு கலைந்து மேசை முழுக்கப் பரவியது.  தம்பி அங்கே கிடக்கிறான். இங்கே என்ன விளையாட்டு?

மாடசாமி அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரம்மா, நான் மடிச்சதையெல்லாம் பாழாக்கிட்டீங்க. நடு வெள்ளையில என்ன இருக்கு? காலரைப் புரட்டுங்க."

புரட்டினாள். காலரின் உள்விளிம்பில் கருப்பு மையில் சின்னதாக ஒரு குறி. மூன்று புள்ளி. அடுத்ததில் ஒரு கோடு, ஒரு சுழி. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் அவளுடையது. அரை நிமிடத்தில் கையில் வந்துவிட்டது.

"ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு குறி போட்டிருக்கேன்," என்றார் அண்ணாச்சி. "இத்தனை வருசத்தில ஒரு கோட்டு மாறினதில்ல."

செண்பகவல்லி கோட்டைப் பிடித்தபடி நின்றாள்.

அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு யாரோ வெளியே போனார்கள். கொட்டகையின் தகரக் கதவு அவர்களுக்குப் பின்னால் அடித்துக்கொண்டது.

படார்.

அவள் திரும்பி எபனேசரைப் பார்த்தாள். அவர் படுக்கை விரிப்பு ஒன்றை மடிக்க அண்ணாச்சிக்கு உதவிக்கொண்டிருந்தார்.

அவள் ஓடினாள். நாற்பத்தாறு வயதில், சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, படிகளில் இரண்டிரண்டாக ஏறி ஓடினாள்.

ஒன்பதாம் கட்டிலில் சங்கரவேல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள்.

குதிகாலுக்கு மேலே தசைநார் கயிறுபோலத் தடித்திருந்தது. இரண்டு காலிலும் நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. அவளுக்கு அது புதிதல்ல. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்குச் செருப்பு வாங்கி, பின்வாரை அறுத்துக் கொடுத்தவளே அவள்தான். அப்பா வீட்டு வழிக் கால் என்று அம்மா சொல்வாள்.

கண்ணைப் பார்த்தாள். இருபது வயதில் அவனுக்குக் கண்புரை. அவள்தான் கையைப் பிடித்து ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் கிழவர்களுக்கு நடுவே அவன் ஒருவன். திரும்பி வரும்போது, "என்ன தாத்தா, கண்ணு தெரியுதா?" என்று கேலி செய்ததும் அவள்தான்.

"சங்கரா."

"என்னக்கா?"

"உனக்கு இன்னும் வயித்தால போகுதாடா?"

அவன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கா."

அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது.

ஐந்து வயதில் அவன் அந்தத் தகரக் கதவுக்கு ஓடிக்கொண்டே இருந்தபோது, குடலேற்றம் என்று சொல்லி அவன் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவியவள் அம்மா. வளர்ந்தும் நிற்காதபோது, வயிற்றுக் கோளாறு உள்ளவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். வீட்டில் எல்லோரையும் மூடவைத்தாள். பெண்வீட்டுக்காரர்கள் வந்தபோதெல்லாம் ஒரே வாக்கியம்தான்: "சின்ன வயசிலேர்ந்து எம்புள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது." பெண் கிடைக்கவில்லை. வாக்கியம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது.

செண்பகவல்லி நோயாளிக் குறிப்பை எடுத்தாள். தன் கையால் எழுதியிருந்த வரியைத் தன் கையால் அடித்தாள்.

எபனேசர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. குனிந்து அந்தக் குதிகாலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மாவுக்கு அப்பா தாய்மாமன்."

அவர் தலையாட்டினார்.

"சார், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அவன் அக்காவா?"

ரத்தம் தூரத்து ஊர் ஒன்றுக்குப் போனது. பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: ஆறில் மருந்து உள்ள அந்த ஒன்றுதான், ஒருவகைக் கொழுப்பு கரையாமல் குதிகாலில் தேங்கி, வயிற்றையும் கண்ணையும் மூளையையும் கெடுக்கிற வியாதி. அவள் அதை வராந்தாவில் நின்று மூன்று முறை படித்தாள். பிறகு தம்பியிடம் போய் ஒரு மாத்திரையை உடைத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்னக்கா?"

"உன்னோட மருந்து."

"கசக்குமா?"

"கசந்தாலும் முழுங்குடா."

அன்று மாலை தன் நோட்டைத் திறந்தாள். ஆறு படங்கள், ஆறும் ஒரே வெள்ளை. ஐந்து படங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். ஒன்றில், தோல் கறுத்துப்போகிறதா? ஒன்றில், இளவயதில் ஒற்றைத் தலைவலி உண்டா? ஒன்றில், மாதவிலக்கு எந்த வயதில் நின்றது? கடைசிப் படத்தின் ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. இரண்டு குதிகால்களை வரைந்தாள்.

எட்டு மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். எபனேசர் புதிய படத்தையும் பழைய படத்தையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"படம் அப்படியேதான் இருக்கு அக்கா."

"ஆமா சார்."

"ஆளு?"

"வெளிய நிக்கான் சார். நாற்காலி போட்டாச்சு. உக்கார மாட்டேங்கான்."

சங்கரவேல் இப்போதும் கோவில்பட்டியில்தான் இருக்கிறான். கையில் ஒரு தடி உண்டு. காலையில் கடைக்குப் போய்க் கடலை மிட்டாய் பொட்டலம் கட்டுகிறான்.