கூட்டு ஏன் கரித்தது

மடப்பள்ளிக்குள் பொன்னம்பலத் தம்பிரான் காலை வைத்தால் போதும், சமையல்காரர்களின் பேச்சு நின்றுவிடும். அப்படியானால் அதுவரை யாரைப் பற்றிப் பேசினார்களாம்? தன்னைப் பற்றித்தான், வேறென்ன! மடத்துச் சமையலை மேற்பார்க்கும் பொறுப்பு கைக்கு வந்த நாள் முதல் அந்த நினைப்பு அவரை அரித்துக்கொண்டே இருந்தது. "இனி அடுப்படியில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்று உத்தரவே போட்டுவிட்டார்.

அப்புறம்தான் வந்தது வினை. ஒரு நாள் குழம்பு உப்புக் கரித்தது. இன்னொரு நாள் கூட்டு கரித்தது. சாமிக்குப் படைக்குமுன் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். பந்தியில் உட்கார்ந்தவர்கள் முகம் சுளித்த பிறகுதான் சங்கதியே தெரியும். நாளைக்கோ குருபூசை. ஊரே சாப்பிட வரும். அன்றும் கரித்தால் தம்பிரானின் பொறுப்பு பறிபோவது நிச்சயம்.

அவர் குருவிடம் ஓடினார்.

"சாமி, எனக்குக் குழி பறிக்கிறார்கள். தலைமைச் சமையல்காரன் குஞ்சிதபாதத்தை இன்றே அனுப்பிவிட வேண்டும்."

"அவன்தான் என்று எப்படித் தெரியும்?"

"நான் உள்ளே நிற்கிற நாளில்தான் கரிக்கிறது. நான் வெளியூர் போனால் அமிர்தமாக இருக்கிறது. என்னை மாட்டிவிடுகிற வேலைதானே இது?"

குரு எழுந்தார். "வா."

இருவரும் மடப்பள்ளிக்குப் பின்னால், ஜன்னலோரம் நின்றார்கள். உள்ளே ஒரே அமளி.

"குழம்புக்கு உப்பு போட்டாச்சுடோய்!"

"சரிண்ணே!"

"என்ன, தம்பிரானை இன்னும் காணோம்?"

"வருவாரு, வருவாரு. மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்க வருவாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். தம்பிரானுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கேட்டீர்களா சாமி?"

"கேட்டேன். நீ உள்ளே போ."

போனார். கப்சிப். குஞ்சிதபாதம் கொதிக்கிற கூட்டில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார். யார் கை ஒழிந்திருக்கிறதோ அவர் உப்பு போடுவதுதான் அங்கே பழக்கம். சற்று நேரத்தில் உதவியாள் கலியன் வந்தான். கூட்டை எட்டிப் பார்த்தான். குஞ்சிதபாதத்தைத் தேடினான். தம்பிரானைப் பார்த்தான். பேசாமல் உப்பை அள்ளினான்.

"அகப்பட்டாயா!" தம்பிரான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

கலியன் உப்பைக் கீழே விட்டான். "அண்ணன் போட்டாரான்னு தெரியலீங்க சாமி. கேக்கலாம்னு பார்த்தா, நீங்க நிக்கிறீங்க."

தம்பிரானின் பிடி தளர்ந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"இனிமேல் பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன் சாமி."

"சொல். பேசமாட்டார்கள்."

"ஐயோ, நாளைக்குக் குருபூசையாயிற்றே! நான் என்ன செய்ய?"

"நீயும் ஓர் அடுப்பைப் பார்த்துக்கொள். உப்பு போட்டதும் அவர்களைப் போலவே சத்தம் கொடு."

"யாரும் பதில் சொல்லாவிட்டால்?"

"சொல்கிறவரை அவர்களோடு உட்கார்ந்து காய் நறுக்கு."