பியூலாவுக்கு என்ன வேண்டும்?

குளத்தங்கரையில் ஒரு பெரிய மருதமரம் இருந்தது. அதன் நிழல்தான் அந்தக் காட்டு விலங்குகளின் தேவாலயம். அதற்குச் சுவர் கிடையாது. மரங்கொத்தி ஒரு பட்டுப்போன கிளையை டொக் டொக் என்று கொத்தும். அதுதான் கோயில் மணி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய விலங்குகள் ஒரு பக்கம் உட்காரும். குட்டிகள் எல்லாம் கௌதாரி டீச்சரைச் சுற்றி உட்காரும். முள்ளம்பன்றிக் குட்டி பியூலா மட்டும் கொஞ்சம் தள்ளி உட்காருவாள். பக்கத்தில் உட்கார்ந்தால் முள் குத்தும் என்று மற்றக் குட்டிகளுக்குப் பயம்.

அன்றைக்கும் ஜெப நேரம் வந்தது.

"ஆண்டவரே, எனக்குக் கோரைக்கிழங்கு நிறைய வேணும்!" என்றான் முயல்குட்டி செல்வின்.

"ஆண்டவரே, எனக்குக் கொய்யாப்பழம்! புழு இல்லாத பழமா வேணும்!" என்றாள் அணில்குட்டி டெய்சி.

"எனக்கு வெயில் வேணும்" என்றான் ஆமைக்குட்டி ஆசீர்.

கௌதாரி டீச்சர் இறக்கையைப் படபடவென்று அடித்தார். "நிறுத்துங்க! இது ஜெபமா, சந்தையில சாமான் கேட்கிறதா? இனிமே யாரும் தனக்காகக் கேட்கக் கூடாது. அடுத்தவங்களுக்காகத்தான் கேட்கணும்."

"அப்போ எனக்கு யார் கேட்பா டீச்சர்?" என்றாள் டெய்சி, அழாத குறையாக.

"உன் பக்கத்துல இருக்கிறவங்க கேட்பாங்க. ஆரம்பிங்க!"

செல்வின் முதலில் துள்ளி எழுந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஆண்டவரே, இந்த ஆசீர் ரொம்பப் பாவம்! இவனுக்கு என்னை மாதிரி நீளமான காலா நாலு குடுங்க! ஆமென்!"

ஓட்டுக்குள்ளிருந்து ஆசீரின் தலை விருட்டென்று வெளியே வந்தது.

"டேய்! என் காலுக்கு என்னடா குறை?"

"மெதுவா நடக்குதே!"

"நான் என்னைக்காவது கோயிலுக்குத் தாமதமா வந்திருக்கேனா? இன்னைக்கும் உனக்கு முன்னால வந்து உட்கார்ந்தது யாரு? ஆண்டவரே, இந்தச் செல்வினுக்கு ஒரு ஓடு குடுங்க! நல்ல கனமானதா குடுங்க! துள்ளாம ஒரு இடத்துல கிடக்கட்டும்! ஆமென்!"

பெரியவர்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "டெய்சி, நீயாவது ஒழுங்கா ஜெபி" என்றார்.

டெய்சி கைகளைக் குவித்தாள். "ஆண்டவரே, பியூலாவோட முள்ளெல்லாம் கொட்டிப் போகட்டும். என் வால் மாதிரி மெத்தென்ற ரோமம் முளைக்கட்டும். அப்புறம் நாங்க எல்லாரும் அவ பக்கத்துல உட்காருவோம். ஆமென்."

பியூலா மெல்ல எழுந்து நின்றாள். அதுவரை அவள் அங்கே வாய் திறந்து பேசியதே இல்லை.

"முள் கொட்டிப்போனா அன்னைக்கே நரி என்னைத் தின்னுடும். அதுக்கா ஜெபிச்சே?"



"நான் நல்லதுக்குத்தானே கேட்டேன்!" என்று டெய்சி விம்மினாள்.

"தப்பு என்னோடது" என்றார் கௌதாரி டீச்சர். "பாதியைத்தான் சொல்லிக்குடுத்தேன். யாருக்காக ஜெபிக்கப் போறோமோ, அவங்ககிட்ட முதல்ல போய்க் கேட்கணும். நமக்குப் பிடிச்சதை அவங்க தலையில கட்டக் கூடாது. போ, டெய்சி. பியூலாகிட்ட கேளு."

டெய்சி தத்தித் தத்திப் போனாள். முள் படாத தூரம் வரை நெருங்கி உட்கார்ந்தாள்.

"பியூலா, உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்."

"பொய்! எல்லாருக்கும் ஏதாவது வேணும்."

"சொன்னா சிரிப்பீங்க. அம்மா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் சிரிக்க மாட்டேன். என் வால் மேல சத்தியம்!"

"கோயில்ல சத்தியம் பண்ணக் கூடாது!" என்றார் டீச்சர்.

பியூலா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க அம்மா கால்ல முள் குத்திடுச்சு."

செல்வினால் அடக்க முடியவில்லை. "முள்ளம்பன்றிக்கே முள்ளா!" என்று கெக்கலி கொட்டிச் சிரித்தான். கிளையில் இருந்த குரங்கும் சேர்ந்து சிரித்தது.

பியூலாவின் முட்கள் சிலிர்த்து நின்றன. "பார்த்தியா! இதுக்குத்தான் சொல்லலை! அது கருவேல முள். பின்னங்கால்ல ஆழமா இறங்கிடுச்சு. கால் தொடை வரைக்கும் வீங்கியிருக்கு. அம்மாவால எழுந்திருக்க முடியலை. நான் கொண்டுபோற கிழங்கையும் தொடுறதில்லை. இப்போ வளை வாசல்ல நரி மோப்பம் பிடிச்சுட்டுத் திரியுது. அம்மா செத்துட்டா எனக்கு யாரு இருக்கா?"

செல்வினின் சிரிப்பு நின்றது. அவனுடைய நீளக் காதுகள் இரண்டும் தொங்கிப்போயின.

கோயில் மூப்பரான கரடி எழுந்து நின்றார். "நாம வாராவாரம் எல்லா நோயாளிகளுக்காகவும் ஜெபிக்கிறோமே, குட்டி" என்றார்.

"அந்த 'எல்லா நோயாளிகள்'ல பியூலா அம்மாவும் உண்டா, மூப்பர் ஐயா?" என்று கேட்டான் ஆசீர்.

கரடி காதைச் சொறிந்தார். "உண்டுதான். ஆனா அவங்களுக்கு நோவுன்னு எனக்கே தெரியாதே!"

டெய்சி பியூலாவின் பக்கம் திரும்பினாள். "உங்க அம்மா பேரு என்ன?"

"எப்சிபா."

டெய்சி கண்களை மூடினாள். "ஆண்டவரே, எப்சிபா அம்மா கால்ல இருக்கிற முள் வெளியே வரணும். வீக்கம் வடியணும். நரி கிட்ட வரக் கூடாது. பியூலா தனியாகிடக் கூடாது. ஆமென்."

"ஆமென்!" என்றது கூட்டம் முழுவதும்.

கண்ணைத் திறந்து பார்த்தால் ஆசீரைக் காணவில்லை. அவன் பியூலாவின் வளை இருக்கும் பாறையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான்.

"எங்கடா போறே?" என்று கத்தினான் செல்வின்.

"ஜெபிச்சாச்சு. போய்ப் பார்க்க வேண்டாமா?"

செல்வின் ஒரே பாய்ச்சலில் அவனைத் தாண்டி ஓடினான். டெய்சியும் பியூலாவும் பின்னாலேயே ஓடினார்கள். டீச்சர் பறந்து வந்தார். கரடியும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

வளை வாசலில் நரி படுத்திருந்தது. கரடி ஒரே ஒரு உறுமல் உறுமினார். நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

"யாரது? கிட்ட வராதீங்க!" என்றது உள்ளே இருந்து ஒரு பலவீனமான குரல். எப்சிபா அம்மா ஒருக்களித்துக் கிடந்தார். வலியில் அவருடைய முட்கள் தாமாகவே விறைத்து நின்றன. அவர் வேண்டாம் என்று நினைத்தாலும் அவை படியவில்லை. முன்பு முள்ளைப் பிடுங்கப் போன பியூலாவின் மூக்கிலேயே இரண்டு காயம் இருந்தது.

செல்வின் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். டெய்சியாலும் முடியவில்லை. கரடியின் கை அவ்வளவு தூரம் எட்டவே இல்லை.

அப்போதுதான் ஆசீர் வந்து சேர்ந்தான். "நகருங்க" என்று மட்டும் சொன்னான். நேராக உள்ளே நடந்தான். முட்கள் அவன் ஓட்டில் சடசடவென்று மோதின. ஒன்றும் ஆகவில்லை. அவன் கழுத்தை நீட்டி, கருவேல முள்ளின் நுனியைக் கடித்துப் பிடித்தான். வாய் வழுக்கியது. மறுபடி பிடித்தான். எப்சிபா அம்மா அலறினார்.

"வேகமா இழுடா!" என்று வெளியிலிருந்து கத்தினான் செல்வின்.

ஆசீர் வாயை எடுத்துவிட்டுச் சொன்னான். "வேகமா இழுத்தா உள்ளேயே முறிஞ்சுடும். நீ சும்மா இரு!"

மூன்றாவது முறை பிடித்தவன் விடவில்லை. பின்பக்கமாக மெல்ல மெல்ல நடந்தான். முள் முழுசாக வெளியே வந்தது. கூடவே சீழும் வடிந்தது. டீச்சர் குப்பைமேனி இலை பறித்து வந்தார். டெய்சி அதை மென்று கொடுத்தாள். பியூலா அதைக் காலில் அப்பினாள்.

அந்த வாரம் முழுவதும் செல்வின்தான் வளைக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். குட்டிகள் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஜெபித்தார்கள். "இன்னும் காய்ச்சல் இருக்கு" என்றால் காய்ச்சலுக்காக ஜெபித்தார்கள். "கிழங்கு தின்னாங்க!" என்றால் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு மரங்கொத்தி மணி அடித்தது. எப்சிபா அம்மா நொண்டி நொண்டி மருதமரத்தடிக்கு வந்தார். கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது.

"என் வளைக்கு வந்த பிள்ளைங்க யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்டார் அவர்.

"செல்வின் என் பையன்!" என்று அப்பா முயல் ஆள் உயரம் துள்ளியது. "பாருங்க, அவனுக்கு அப்படியே என்னோட காது!"

"டெய்சி என் மக! என் மக!" என்று கிளைக்குக் கிளை ஓடிச் சொன்னது அம்மா அணில்.

"எல்லாரும் என் வகுப்புப் பிள்ளைங்க" என்றார் கௌதாரி டீச்சர். சொல்லும்போதே அவர் நெஞ்சு பந்துபோல் உப்பியது.

"முள்ளைப் பிடுங்கினானே, அவன் யார் பிள்ளை?"

என் பிள்ளை என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஆமைகள் மண்ணில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆசீருக்குத் தன் அம்மா யார் என்றே தெரியாது. அவன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டான்.

எப்சிபா அம்மா நொண்டிக்கொண்டே அவனிடம் போனார். தன் முட்கள் அத்தனையையும் படியவைத்தார். மூக்கால் அவன் ஓட்டைத் தடவினார்.

"அப்படின்னா எல்லாரும் கேட்டுக்குங்க!" என்றார் உரத்த குரலில். "இவன் என் பிள்ளை!"

"அப்போ இவன் எனக்கு அண்ணனா?" என்று கத்தினாள் பியூலா.

ஆசீரின் தலை மெல்ல வெளியே வந்தது. அவன் கழுத்து அவ்வளவு நீளம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

பிறருக்காக ஜெபிக்க விரும்புகிறவர், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். ஜெபித்து முடித்ததும் எழுந்து போய் அவர்களைப் பார்க்கவும் வேண்டும்.