தபால் பெட்டிக்கு ஓர் உபயம்

ஆலங்கரை முக்குரோட்டில் ஒரு தபால் பெட்டி நின்றது. பக்கத்து அரிசி மில் லாரிகள் திரும்பும்போதெல்லாம் இடித்து இடித்து, பெட்டிக்குக் கூனே விழுந்துவிட்டது. "இன்னொரு தடவை நசுங்கினால் பெட்டியை எடுத்துவிடுவோம். அப்புறம் கடிதம் போட ஊரே நாலு மைல் நடக்கட்டும்" என்று தபால் இலாகா மேலதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

தபால்காரம்மா தெய்வானை மில் முதலாளி அரங்கசாமியிடம் போய் நின்றாள்.

"ஐயா, டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உன் தகர டப்பாவுக்கு என் லாரி ஒதுங்கணுமா? முடிஞ்சா நீயே ஒதுங்க வச்சுக்க, போ."

"உங்க பேரைச் சொன்னா ஒதுங்குமா ஐயா?"

"என் பேருக்கு ஒதுங்காதவன் இந்த ஊர்ல எவன்?" என்று முதலாளி மீசையைத் தடவினார்.

அவளுக்கு அது போதும். மறுநாள் பெட்டிக்கு முன்னால் இடுப்புயரக் கல் ஒன்று நின்றது. அதில் கொட்டை எழுத்தில், 'தபால் பெட்டி பாதுகாப்பு உபயம்: மில் அதிபர் உயர்திரு அரங்கசாமி அவர்கள்.' முதலாளி காரை நிறுத்தி இறங்கி, இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மில் லாரி அந்தக் கல்லை லேசாக உரசியது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கண்ணு அவிஞ்சா போச்சு? இறங்குடா!"

டிரைவர் முழித்தான். "போன வாரம் பெட்டியையே சாய்ச்சேன், நீங்க சிரிச்சீங்களே முதலாளி?"

"போன வாரம் அது பெட்டிடா. இப்ப அது நான்!"

எதிரே இருந்த டீக்கடையே கொல்லென்று சிரித்தது. தெய்வானை மட்டும் சிரிக்காமல், "ஐயா, கல்லுக்குப் பின்பக்கம் வெறுமையா இருக்கு. அங்கேயும் எழுதிரட்டுமா?" என்று பணிவாகக் கேட்டாள்.

"எழுது, எழுது. இனிஷியலை விட்டுட்டே பாரு, அதையும் சேர்த்துக்க."