கண்மாய்க்கரை விளக்கு

"டீச்சர், இடம் சிக்கிருச்சு. ஒரே ஒரு தெருவிளக்குதான் கெடுக்குது," என்றார் மருதையா.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பூங்கோதை டீச்சருக்கு முப்பத்துநாலு. வானம் படிக்க வந்த இடத்தில் வயசைப் பார்க்க முடியுமா? டெலிபோன் ஆபீசில் ரிட்டயர் ஆன மறுநாளே சீடராகிவிட்டார். மனுஷன் விடாக்கண்டன்.

பால்வீதியை மட்டும் இன்னும் கண்ணால் கண்டதில்லை.

வானம் பார்க்க நாற்பது பேரைத் திரட்டி இரண்டு தடவை கூட்டிப் போனார். முதல் அமாவாசையை டோல்கேட் வெளிச்சம் கெடுத்தது. அடுத்ததைக் கோயில் கொடையின் சீரியல் செட் விளக்குகள். இந்தப் புரட்டாசி அமாவாசையையும் விட்டால் மழை வந்துவிடும். தை வரைக்கும் மேகம்தான்.

"கள்ளிக்குளம் கண்மாய்க்கரை, டீச்சர். அப்படியொரு இருட்டு! ஆனா எட்டரைக்குள்ள பாத்துரணும், அப்புறம் பால்வீதி மேற்கே சாஞ்சிரும். லைன்மேன்கிட்ட சொல்லிட்டேன், ஏழரைக்கு அணைச்சிருவாரு."

"அந்த விளக்கு யாருக்கு எரியுது?"

"யாருக்குமில்ல. ஒத்தையடிப் பாதை. ஆளே கிடையாது."

"போய்க் கேட்டுட்டு வாங்க சார்."

"ஆளே இல்லைங்கிறேன், யாரைக் கேக்க?"

டீச்சர் பரீட்சைத் தாள் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

மருதையா அன்றிரவே கண்மாய்க்கரைக்குப் போனார். ஏழு மணிக்கு யாருமில்லை. ஏழரைக்கும் யாருமில்லை.

எட்டு மணி பஸ்ஸில் ஒரு பெண் இறங்கினாள். மில் சீருடை, கையில் தூக்குவாளி. ஓட்டமும் நடையுமாக வந்து விளக்கடியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ராத்திரியில இங்க என்ன வேலை?"

"நட்சத்திரம் பாக்க இடம் தேடுறேம்மா."

"காலுக்கடியில பாத்து நில்லுங்க. இந்த வளைவுலதான் என் வீட்டுக்காரரைப் பாம்பு தீண்டுச்சு. மூணு வருஷம் மனு கொடுத்து வாங்குன லைட்டு இது."

அவள் பெயர் வேலுத்தாய். விளக்கை அணைக்கிற காரியத்தை மருதையா சொல்லவேயில்லை.

"வேற இடம் பாக்குறேன் டீச்சர்," என்றார் மறுநாள்.

"ஏன், அங்க இருட்டு பத்தலையா?"

"அதைவிட இருட்டு இந்தச் சுத்துவட்டாரத்துலயே இல்ல. ஆனா..." நடந்ததைச் சொன்னார்.

டீச்சர் அலமாரியைத் திறந்து ஒரு டார்ச்சை எடுத்தார். அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது. வானம் பார்ப்பவர்கள் எல்லோரிடமும் இருப்பதுதான். கண் கூசாது, தரையும் தெரியும்.

"இது எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"நாப்பது பேர்கிட்டயும்."

டீச்சர் அதை அவர் கையில் வைத்துவிட்டுத் தாளுக்குத் திரும்பினார்.

அன்றைக்கே மருதையா எட்டு மணி பஸ்ஸுக்குக் காத்து நின்று, டார்ச் பிடித்து வழிகாட்டினால் விளக்கை அணைக்கலாமா என்று வேலுத்தாயிடம் கேட்டுவிட்டார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரு நாளைக்குத்தானே? சரி. ஆனா ஓரடி கூட இருட்டு விடக்கூடாது."

அமாவாசை. ஏழரைக்கு விளக்கு அணைந்தது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து வேலுத்தாய் வீட்டு வாசல் வரைக்கும் நாற்பது பேரை மருதையா வரிசையாக நிறுத்தினார்.

"வானம் பாக்க வந்தோமா, தரை பாக்க வந்தோமா?" என்று ஒருவர் முனகினார்.

"பஸ்ஸு வந்து போற வரைக்கும் தரைதான்யா. குனிஞ்சு பாரு."

பஸ் வந்தது. வேலுத்தாய் இறங்கினாள். சிவப்பு வெளிச்சம் காலடிக்குக் காலடி கைமாறியது. இன்றைக்கு அவள் ஓடவில்லை.

வளைவில், அணைந்த விளக்கடியில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

"ஆத்தாடி! இதெல்லாம் தினமும் இங்கேயா இருந்துச்சு?"

நாற்பது பேரும் நிமிர்ந்தார்கள்.

"சார்," என்று இருட்டிலிருந்து டீச்சர் குரல் வந்தது. "பால்வீதி தெரியுதா?"

மருதையா டார்ச்சைப் பாதையிலிருந்து எடுக்கவில்லை.

"இந்தம்மா வீடு சேரட்டும் டீச்சர்."