வாசல்படியில் ஒரு 'வாங்க'

"நரம்பு இழைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, இல்லை எனக்கா அம்மா?"

கதவருகிலேயே நின்று கேட்டார் கோமதிநாயகம். ஊரில் கண் டாக்டராக இருந்தவர். தலை நரைத்தபிறகு ஆராய்ச்சி படிக்க வந்தவர். குரு நாச்சியார் அவரைவிட இளையவர்.

"வாங்க" என்றார் நாச்சியார்.

கோமதிநாயகம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பின்னாலேயே அனிர்பன். கல்கத்தாவிலிருந்து போன வாரம்தான் வந்து சேர்ந்த மாணவன். தமிழில் அவனுக்குப் பிடிபட்ட முதல் சொல்லே 'வாங்க'தான்.

கோமதிநாயகம் கண்ணாடித் தட்டுகளை மேசையில் வைத்தார்.

"கோழிக் கரு, அம்மா. கண்ணே இன்னும் திறக்கலை. அதுக்குள்ள நரம்பு இழை மூளைக்குக் கிளம்பிடுது. நுனியில இருக்கிற ஏற்பிகள்தான் அதுக்குக் காது. கண்ணோட பின்வாசல்ல ஒரு புரதம் 'வா'ன்னு கூப்பிடுது. காது கேட்குது. இழை ஓடுது."

"சரி."

"இந்தத் தட்டுல, அந்த வாசல்ல இருக்கிற இன்னொரு பொருளையும் தடவினேன். அதை மிதிச்சதும், கூப்பிட்ட அதே புரதத்தை விட்டு இழை விலகி ஓடுது. காலையில கும்பிட்ட சாமியைச் சாயங்காலம் கண்டு ஓடுற மாதிரி."

"மறுபடி செஞ்சு பார்த்தீங்களா?"

"பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு. ஒரே புரதம் வரவும் சொல்லுமா, போகவும் சொல்லுமா? எங்கேயோ தப்பு. இத்தனை வருஷ உழைப்பையும் குப்பையில கொட்டிட்டு, ஊருக்கே போயிடறேன்."

நாச்சியார் தட்டுகளை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். எழுந்துவந்து கதவைத் திறந்துவிட்டார்.

"சரி, வாங்க."

அவ்வளவுதான்.

கோமதிநாயகத்துக்கு முகம் விழுந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஆய்வுக்கூடத்துக்குப் போகிற நடையில், பாதி வழியில் இருந்தது குப்பைத் தொட்டி.

திரும்பிப் பார்த்தால் அனிர்பனைக் காணோம்.

அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவன் மறுபடி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாச்சியாரின் நாற்காலிக்கு எதிரே சமர்த்தாக உட்கார்ந்திருந்தான்.

"தம்பி! அங்க என்ன பண்றீங்க?"

"மேடம் 'வாங்க' சொன்னாங்க, சார். வந்தேன்."

அத்தனை வருத்தத்திலும் அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அட, அது கூப்பிட்ட வாங்க இல்லை தம்பி. அனுப்பி வைக்கிற வாங்க."

"அதே வார்த்தை, சார்."

"அதே வார்த்தைதான். வர்றப்ப கேட்டா உள்ளே வான்னு அர்த்தம். கிளம்பி வாசல்படியை மிதிச்சுக்கிட்டுக் கேட்டா..."

அவர் கண் கையிலிருந்த தட்டுகளுக்குப் போனது.

நாச்சியார் மேசையடியில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

"கேட்டா, சார்?"

தட்டுகள் குலுங்காமல் கோமதிநாயகம் ஆய்வுக்கூடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார், குப்பைத் தொட்டியைத் தாண்டி.